கலஞ்சோ: இலை சுருங்கினால், தண்டு கறுத்தால், பூக்க மறுத்தால்

பொங்கலை ஒட்டி நர்சரிகளில் வரிசைகட்டி நிற்குமே, தடித்த பளபளப்பான இலையும் உச்சியில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுக் கொத்துமாக உள்ளங்கை அகலச் செடி, அதுதான் கலஞ்சோ. அடுக்கிதழ் வகையைக் ‘கலண்டிவா’ என்று விற்பார்கள். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. நம் வேலியோர ரணகள்ளிக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் ரணகள்ளி மாதிரி எங்கே போட்டாலும் முளைக்கும் என்று நினைத்து வளர்த்தால் மூன்றே மாதத்தில் தொட்டி காலியாகிவிடும்.

கீழே எல்லாம் அறிகுறிப்படி பிரித்திருக்கிறது. உங்கள் செடியில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். அதற்கு முன் எல்லோருக்கும் பொதுவான சோதனை ஒன்று.

## முதலில் ஈர்க்குச்சி

தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் விளிம்புக்கும் தண்டுக்கும் நடுவில், அடிவரை மெதுவாகக் குத்துங்கள். பத்து நிமிடம் விட்டு எடுங்கள்.

- குச்சி காய்ந்து சுத்தமாக வந்தால்: மண் உலர்ந்திருக்கிறது.
- நுனி மட்டும் கறுத்துச் சில்லென்று இருந்தால்: அடியில் ஈரம் இருக்கிறது. இன்று தண்ணீர் வேண்டாம்.
- முழுதும் மண் ஒட்டி, புளித்த வாடை அடித்தால்: வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். நேரே ‘மண் ஈரமாக இருந்தால்’ பகுதிக்குப் போங்கள்.

மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பது போதாது. நர்சரிச் செடிகள் பெரும்பாலும் கோகோபீட்டில் (தேங்காய்நார்த் துகளில்) வருகின்றன. அது மேலே மொறுமொறுவென்று காய்ந்திருக்கும்போதே அடியில் சொதசொதவென்று இருக்கும். கலஞ்சோ சாவதற்கு முதல் காரணம் இந்த ஏமாற்றுதான்.

கூடவே தொட்டியைக் கவிழ்த்து அடித்துளையையும் பாருங்கள். பல பீங்கான் தொட்டிகளில் துளையே இருக்காது. சிலவற்றில் வேர் வந்து அடைத்திருக்கும்.

## அறிகுறி: இலை சுருங்கி, தளர்ந்து தொங்குகிறது

தாகம் எடுத்தாலும் வேர் அழுகினாலும் இலை ஒரே மாதிரிதான் சுருங்கும். வேர் இல்லாத செடியும் தண்ணீர் இல்லாத செடிதானே. அதனால் இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஈர்க்குச்சி சொல்வதை வைத்துப் பிரியுங்கள்.

### மண் உலர்ந்திருந்தால்

அ. வெறும் தாகம். 4 அங்குலத் தொட்டிக்கு ஏறத்தாழ 150 மி.லி. தண்ணீரை இரண்டு தவணையாக, ஐந்து நிமிட இடைவெளியில் ஊற்றுங்கள். அடித்துளை வழியாக வழிய வேண்டும். வழிந்ததைத் தட்டில் நிற்க விடாதீர்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் இலை விறைத்துவிடும்.

ஆ. ஊற்றியதும் தண்ணீர் சட்டென்று அடியில் ஓடிவிடுகிறது, தொட்டியின் எடை மட்டும் கூடவில்லை. கோகோபீட் ஒரு முறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. கட்டி சுருங்கி, தொட்டிச் சுவரோரம் இடைவெளி விட்டிருக்கும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளியிலேயே இறங்கிப் போய்விடும். ஒரு பேசினில் தொட்டியின் கால்பங்கு உயரத்துக்குத் தண்ணீர் எடுத்து, தொட்டியை 20–30 நிமிடம் உட்கார வையுங்கள். மேல்மண் நிறம் மாறியதும் எடுத்து வடிய விடுங்கள். இதே தொல்லை அடிக்கடி வந்தால் மண்ணை மாற்றுவதுதான் வழி. கலவை கீழே இருக்கிறது.

இ. ஊற்றி இரண்டு நாளாகியும் இலை எழவில்லை. வேரில் ஏதோ கோளாறு. மறுபடி ஊற்றாதீர்கள். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வேர்க்கட்டியிலும் தொட்டியின் உட்சுவரிலும் அரிசிமாவு தூவியது போல வெள்ளையாக இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. அதற்கான வைத்தியம் ‘வெள்ளையாக ஏதோ’ பகுதியில் உள்ளது.

### மண் ஈரமாக இருந்தால்

இதுதான் பெரிய வேலை. வரிசையாகச் செய்யுங்கள்.

1. தண்ணீரை நிறுத்துங்கள். தண்டின் அடியை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் காப்பாற்றிவிடலாம். மெத்தென்று அமுங்கினால் நேரே அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.
2. செடியை எடுத்து, மண்ணை உதறி, ஓடும் தண்ணீரில் வேரை அலசுங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில், இழுத்தால் அறாமல் இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வந்து, நடுவில் நூல் போல நரம்பு மிஞ்சும்.
3. அழுகியதை எல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டுங்கள். எவ்வளவு வேர் போனதோ அந்த அளவுக்கு இலையையும் குறைக்க வேண்டும். பாதி வேர் போயிருந்தால் பூக்கொத்து முழுவதையும், கீழ் இலைகளில் சிலவற்றையும் எடுங்கள். பூவை விட்டுவைக்க ஆசையாகத்தான் இருக்கும். விட்டுவைத்தால் மிச்சச் சத்தும் அதற்கே போகும்.
4. செய்தித்தாள் மேல் நிழலில் ஒரு நாள் காயப் போடுங்கள்.
5. புது மண்ணில், முன்னதைவிடப் பெரிதாக இல்லாத மண்தொட்டியில் நடுங்கள். நான்கைந்து நாள் கழித்து முதல் தண்ணீர், அரை டம்ளர்.

பழைய மண்ணை இன்னொரு தொட்டிக்குப் போடாதீர்கள்.

மண் கலவை: செம்மண் 1 பங்கு, கழுவிய கரட்டு மணல் 1 பங்கு, உடைத்த செங்கல் 1 பங்கு (3 முதல் 8 மி.மீ. துண்டுகள்), நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் அரைப் பங்கு. ஆற்று மணல் கிடைக்காதவர்கள் எம்-சாண்டை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாவுத்தூளைச் சலித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிய பிறகுதான். அந்தத் தூளோடு போட்டால் சிமெண்ட் பூசியது போல இறுகிவிடும். கலந்து தொட்டியில் நிரப்பியதும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேற்பரப்பில் பத்து விநாடிக்கு மேல் நின்றால் செங்கல் துண்டை இன்னும் கூட்டுங்கள்.

மண்ணை மாற்றியும் ஈரம் காயாமல் நிற்கிறது என்றால் தொட்டி பெரிது. கைப்பிடி வேருக்கு 8 அங்குலத் தொட்டி கொடுத்தால் குடிக்க ஆளில்லாத தண்ணீர் தேங்கத்தான் செய்யும். 4, மிஞ்சினால் 5 அங்குலம் போதும்.

## அறிகுறி: அடித்தண்டு கறுத்து மெத்தென்று இருக்கிறது

வேர் அழுகல் தண்டுக்கு ஏறிவிட்டது. மருந்து ஊற்றிக் காப்பாற்ற முடியாது. பூஞ்சாணக்கொல்லி நல்ல திசுவுக்குக் காவல் நிற்கும், அழுகிய தண்டைத் திரும்பக் கட்டாது. செய்ய வேண்டியது வெட்டு.

கறுப்பு முடியும் இடத்துக்கு இரண்டு விரற்கடை மேலே, கூரிய பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள். முழுதும் பச்சை வெளுப்பாக இருந்தால் சரி. நடுவிலோ ஓரத்திலோ பழுப்பு வளையம், புள்ளி தெரிந்தால் பிளேடைத் துடைத்துவிட்டு இன்னும் ஒரு கணு மேலே வெட்டுங்கள். சுத்தமான முகம் வரும்வரை ஏறிக்கொண்டே போங்கள். உச்சி வரை பழுப்பாகவே இருந்தால் செடி முடிந்தது. தொட்டியோடு அப்புறப்படுத்துங்கள்.

கிடைத்த நல்ல துண்டை 7–8 செ.மீ. நீளமாக்கி, கீழ் இரண்டு கணுவின் இலைகளை எடுத்துவிட்டு, நிழலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் ஐந்து நாளும் ஆகலாம். மஞ்சள்தூள் தடவுகிறவர்கள் தடவலாம். ஆனால் வேலை செய்வது காயவைப்பதுதான், தூள் அல்ல. பிறகு லேசாக ஈரம் தெளித்த மணலில் 2 செ.மீ. ஆழம் ஊன்றி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில், மெல்ல இழுத்தால் பிடிப்பு தெரியும்.

இலையை மட்டும் மண்ணில் போட்டுக் காத்திருக்க வேண்டாம். ரணகள்ளி இலையின் விளிம்பில் குட்டி முளைக்கும். பூக்கடைக் கலஞ்சோவின் இலை அப்படிக் குட்டி போடுவதில்லை. தண்டுத் துண்டுதான் நம்பகமானது.

## அறிகுறி: கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன

மாதத்துக்கு ஒன்றிரண்டு, அடியில் மட்டும், காகிதம் போலக் காய்ந்து விழுந்தால் அது முதுமை. விட்டுவிடுங்கள்.

ஒரே வாரத்தில் நான்கைந்து, கொழகொழவென்று, தொட்டாலே கழன்று விழுந்தால் நீர் மிகுதி. மேலே சொன்ன ஈர மண் வழி.

மஞ்சள் அடியில் இல்லாமல் நடு இலைகளில், நரம்பு பச்சையாகவும் இடைவெளி வெளிறியும் இருந்தால், ஒரு வருடத்துக்கு மேல் மண்ணே மாற்றாத செடியா என்று யோசியுங்கள். தழை, மணி, சாம்பல் சத்தோடு மக்னீசியமும் நுண்சத்தும் கலந்த கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம், ஏற்கெனவே ஈரமான மண்ணில், மாதம் ஒரு முறை கொடுங்கள். காய்ந்த மண்ணில் உரம் ஊற்றினால் வேர் கருகும்.

## அறிகுறி: செடி கொழுகொழுவென்று இருக்கிறது, பூக்கவே இல்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், தவறான பதில் அதிகம் கிடைப்பதும் இதற்குத்தான். எலும்புத்தூள் போடு, வாழைப்பழத்தோல் ஊறவைத்து ஊற்று என்பார்கள். கலஞ்சோ உரம் பார்த்துப் பூப்பதில்லை, இரவு பார்த்துப் பூக்கிறது. ஏறத்தாழ ஆறு வாரம் தொடர்ந்து நீண்ட, தடையில்லாத இருட்டு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். இரவு நடுவில் சில நிமிடம் விளக்கு பட்டாலும் அது அந்த இரவைக் கணக்கில் சேர்க்காது.

சென்னையில் டிசம்பர் 21-ஆம் தேதியின் பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். ஜூன் 21-இல் 12 மணி 50 நிமிடம். அதாவது மிக நீண்ட இரவுகூடப் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. தெருவிளக்கோ, பால்கனி டியூப்லைட்டோ, டி.வி. ஓடும் கூடத்தின் வெளிச்சமோ இரவு பத்து மணி வரை பட்டால் அந்தச் சிறிய கூடுதலும் போய்விடும்.

சோதித்துப் பாருங்கள்: இரவு ஒன்பது மணிக்குச் செடி இருக்கும் இடத்தில் நின்று செய்தித்தாளின் தலைப்பு படிக்க முடிகிறதா? முடிந்தால் விளக்குதான் குற்றவாளி.

சும்மா செய்யக்கூடியது: அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, மாலைக்குப் பிறகு யாரும் விளக்குப் போடாத இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். மொட்டை மாடியின் தண்ணீர்த்தொட்டி மறைவு, வீட்டின் பின்பக்கச் சன்னல் போல. பல வீடுகளில் இதுவே போதும்.

அது போதாவிட்டால் மூடிவைப்பது:

1. மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை 14 மணி நேர இருட்டு. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, இடுக்குகளில் கறுப்புத் துணி சுற்றலாம். துணி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது இன்னும் எளிது. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தால் உள்ளே வெக்கை தங்கும், வெளிர்நிற வாளி வெளிச்சத்தையும் விடும்.
2. பகலில் குறைந்தது நான்கு மணி நேரம் வெயில் அல்லது கண்கூசும் வெளிச்சம். பகலும் இருட்டாக இருந்தால் இரவை எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை.
3. ஆறு வாரம், ஒரு நாளும் விடாமல். ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து தொடங்குவது மேல்.
4. இந்த நாட்களில் தண்ணீர் வழக்கத்தில் பாதி. உரம் வேண்டாம்.
5. நுனியில் கடுகளவு பச்சை மொட்டுகள் தெரிந்ததும் மூடுவதை நிறுத்தலாம்.

தொடங்கியது முதல் பூ விரிய 10 முதல் 14 வாரம் ஆகும். பொங்கலுக்குப் பூ வேண்டும் என்றால் அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்குங்கள். ஏப்ரல், மே மாதத்தில் இந்த வேலையே வேண்டாம். இரவும் புழுங்கினால் மொட்டுக் கட்டுவது தள்ளிப்போகும், செடியும் மூடிக்குள் அவியும்.

இருட்டு சரியாகக் கொடுத்தும் பூக்கவில்லையா? இரண்டு காரணம் மிச்சம். ஒன்று, துண்டு ஊன்றி நான்கு மாதம்கூட ஆகாத குட்டி. இன்னொன்று, யூரியா அல்லது சாண உரம் தாராளமாகப் போட்டதால் இலைக்கே ஓடும் செடி. அப்படியானால் இரண்டு மாதம் உரத்தை நிறுத்திவிட்டு மீண்டும் முயலுங்கள்.

## அறிகுறி: மொட்டு விரியாமல் காய்கிறது, விரிந்த பூ சுருங்கி மூடிக்கொள்கிறது

வாங்கி வந்த இரண்டு மூன்று நாளில் பூவெல்லாம் நிறம் மங்கி உள்பக்கமாகச் சுருண்டால் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். செடிக்கு அருகில் என்ன பழம் இருக்கிறது என்று பாருங்கள். பழுக்கும் வாழைத்தார், மாம்பழக்கூடை, கொய்யா எல்லாம் எத்திலீன் வாயு விடும். கலஞ்சோப் பூ அதற்கு மிகவும் நொறுங்கிப் போகிற இனம். சாப்பாட்டு மேசையில் பழத்தட்டுக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைத்தால் இதுதான் நடக்கும். பூஜை அறையில், தினம் ஊதுபத்தியும் சாம்பிராணியும் புகையும் இடமும் ஆகாது. மூடிய பூ மறுபடி விரியாது. கொத்தைக் கிள்ளிவிட்டு இடத்தை மாற்றுங்கள், பின்னால் வரும் மொட்டுகள் தப்பும்.

பழமும் புகையும் இல்லையென்றால் இவற்றைப் பாருங்கள்:

- ஏ.சி.யின் வெளிப்புறப் பெட்டி ஊதும் சூடான காற்று. பால்கனியில் அதன் எதிரே வைத்த எதுவும் தேறாது.
- மொட்டு வைத்த நேரத்தில் மண் ஒரு முறை முழுதாகக் காய்ந்தது. இலை தாங்கும், மொட்டு தாங்காது.
- மொட்டின் மேல் மழை. வடகிழக்குப் பருவமழையில் சன்ஷேடுக்கு அடியில் இருக்கட்டும்.

ஒன்றரை இரண்டு மாதம் பூத்து முடிந்து வாடினால் அது கோளாறு இல்லை. காம்போடு, கொத்துக்குக் கீழே உள்ள இரண்டாவது இலைச்சோடிக்கு மேலே வெட்டுங்கள். வெறும் பூவை மட்டும் கிள்ளிவிட்டுக் காம்பை விட்டால் அது மொட்டைக் குச்சியாக நிற்கும்.

## அறிகுறி: செடி நெட்டையாக வளர்ந்து சாய்கிறது

கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை சிறுத்து, சன்னல் பக்கமாக வளைந்தால் வெளிச்சம் போதவில்லை. கிழக்குப் பால்கனியில் காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் படும் இடம் சிறந்தது. ஒரேயடியாக வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். நாளொன்றுக்கு அரைமணி நேரமாகக் கூட்டி ஒரு வாரம் பத்து நாளில் பழக்குங்கள்.

வெளிச்சம் நன்றாக இருந்தும் நெட்டையானால் அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. விற்பனைக்கு வளர்ப்பவர்கள் செடி குள்ளமாக, குடை போல நிற்க வளர்ச்சியை ஒடுக்கும் மருந்து அடிப்பதுண்டு. சில மாதத்தில் அதன் வேகம் தீர்ந்ததும் செடி தன் இயல்புக்குத் திரும்பும். பூ முடிந்த பிறகு பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். கிளைத்து அடரும். வெட்டிய துண்டுகளை ஊன்றினால் புதுச் செடி. பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் இதற்கு ஏற்ற காலம். அக்டோபருக்குப் பிறகு வெட்டினால் அந்த வருடப் பூ போயிற்று.

## அறிகுறி: வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது

எது என்று தெரியாமல் எதையும் தெளிக்க வேண்டாம். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொடுங்கள்.

பஞ்சு போல இருந்து, தொட்டதும் நசுங்கி மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புச் சாறு வருகிறது: மாவுப்பூச்சி. இலை தண்டோடு சேரும் இடுக்கிலும் பூக்காம்பிலும்தான் ஒளியும். எறும்பு ஊர்கிறதா என்று பாருங்கள். ஊர்ந்தால் பூச்சி இருக்க வாய்ப்பு அதிகம். எறும்பு அதைக் காவல் காத்து, செடிக்குச் செடி தூக்கியும் போகும்.

முதலில் தொட்டியைத் தனியே வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒவ்வொரு பூச்சியாகத் துடைத்தெடுங்கள். மாலை நேரத்தில், வெயில் இல்லாதபோது. முட்டைப்பை தப்பிவிடும் என்பதால் 5–7 நாளுக்கு ஒரு முறை என நான்கு தடவை செய்ய வேண்டும். ஒரே தடவையோடு நிறுத்துவதால்தான் ‘போகவே மாட்டேன்கிறது’ என்ற புலம்பல்.

அதற்கும் அடங்காவிட்டால் வேப்ப எண்ணெய் 5 மி.லி., திரவச் சோப்பு 1 மி.லி., தண்ணீர் 1 லிட்டர். நன்றாகக் குலுக்கி, முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். கலஞ்சோ இலை எண்ணெய்க்கும் சோப்புக்கும் சில நேரம் கருகும். மாலத்தியான் போன்ற பூச்சிமருந்துகளைத் தொடவே வேண்டாம். பூவின் மேல் எதையும் தெளிக்காதீர்கள்.

வேரில் இருந்தால் மண் முழுவதையும் கழற்றி, வேரை அலசி, தொட்டியைக் கொதிநீரில் கழுவி, புது மண்ணில் நடுங்கள். பழைய மண் குப்பைக்கு.

மாவு போல இலைமேல் பரவி, துடைத்தால் வந்துவிடுகிறது, சாறு இல்லை: சாம்பல் நோய். பனி விழும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, காற்றோட்டம் இல்லாத மூலையில் வரும். சில சமயம் மாவு தெரியாமல் சொரசொரப்பான பழுப்புத் தழும்பாகவும் நிற்கும். பட்ட இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். தொட்டிகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேலும் பரவினால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், மாலையில். 30 டிகிரிக்கு மேல் வெயில் காயும் நாட்களில் அடித்தால் இலை வெந்துவிடும். வேப்ப எண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நோயைவிட மருந்து அதிகம் கெடுக்கும்.

கெட்டியான வெள்ளைப் பொருக்கு, தொட்டியின் விளிம்பிலும் மண் மேலும்: உப்பு. போர்த் தண்ணீர் வீடுகளில் சகஜம். வீணாகக் கூடாதே என்று ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரை ஊற்றும் வீடுகளில் இன்னும் சீக்கிரம் வரும். அந்தத் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும், அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு மழைநீரோ குடிநீரோ ஊற்றி வடியவிட்டால் உப்பு கரைந்து போகும். காலையில் செய்து, பகல் முழுக்கக் காற்றில் காயவிடுங்கள்.

## அறிகுறி: இலையில் தழும்பு, புள்ளி, திட்டு

- வெயில் படும் பக்கத்தில் மட்டும் காகிதம் போலக் காய்ந்த வெளிர்பழுப்புத் திட்டு: வெயில் சுட்டது. ஏப்ரல், மே மாதம் பகல் 11 முதல் 4 வரை நிழல் வலைக்கு அடியில் வையுங்கள். சுட்ட திட்டு ஆறாது, பரவவும் செய்யாது.
- இலை விளிம்பு சிவப்பது: நல்ல வெயில், கொஞ்சம் குளிர். ஒன்றும் செய்ய வேண்டாம்.
- இலையின் அடிப்பக்கம் தக்கை போன்ற சிறு பருக்கள்: மேகமூட்டமான ஈரப்பத நாட்களில் தண்ணீர் மிகுந்ததால். தண்ணீரைக் குறையுங்கள், மருந்து தேவையில்லை.
- நுனியும் விளிம்பும் கருகி, தொட்டியில் வெள்ளைப் பொருக்கும் இருந்தால்: உப்பு. மேலே பாருங்கள்.
- கண்ணாடி போல ஊறிய, தொட்டால் வழிகிற திட்டு, நாற்றம்: பாக்டீரியா அழுகல். அந்தக் கிளையை உடனே வெட்டி எறியுங்கள். மறுபடி வந்தால் செடியையே.
- வளையமாக, அல்லது வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாக, புது இலை கோணலாக: வைரஸாக இருக்கலாம். வைத்தியம் கிடையாது. அதிலிருந்து துண்டு எடுத்து ஊன்றாதீர்கள், நோயும் கூடவே வரும். அதை வெட்டிய கத்தரியை அடுத்த செடிக்குக் கழுவாமல் கொண்டுபோகாதீர்கள்.

## அறிகுறி: தொட்டியைச் சுற்றிக் கொசு மாதிரிக் குட்டி ஈக்கள்

டீத்தூள், அரிசி கழுவிய தண்ணீர், பழத்தோல் ஊறல். இவற்றில் எதை ஊற்றினீர்களோ அதை நிறுத்துங்கள். மேல்மண் 2 செ.மீ. சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் கழுவிய மணல் பரப்புங்கள். மண் நன்கு காய்ந்த பிறகே தண்ணீர். மூன்று வாரத்தில் ஈ போய்விடும்.

## எப்போது ஆளைக் கேட்பது

நூறு ரூபாய்ச் செடி ஒன்றுக்காக நிபுணரைத் தேடுவதில் அர்த்தமில்லை. நல்ல நுனி ஒன்றை வெட்டி ஊன்றிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாம். ஆனால் பத்து தொட்டிக்கு மேல் ஒரே அறிகுறி வரிசையாகப் பரவினால், அல்லது மாவுப்பூச்சி செம்பருத்தி, ரோஜாவுக்கும் தாவினால், பாதித்த கிளை ஒன்றைப் பாலித்தீன் பையில் மூடி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோய்ப் பிரிவுக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். வைரஸா சத்துக்குறைவா என்று கண்ணால் பிரிக்க முடியாதபோதும் அப்படியே. செடியின் உடல் வழியே பாயும் பூச்சிமருந்துகளை அவர்கள் அளவு சொல்லாமல் வீட்டு பால்கனியில் கலக்காதீர்கள்.

தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டிய இடம் ஒன்று உண்டு. கலஞ்சோவின் எல்லாப் பகுதியிலும், பூவில் குறிப்பாக, இதயத்தைத் தாக்கும் நச்சு இருக்கிறது. நாயோ பூனையோ மென்றுவிட்டு வாந்தி, பேதி, தள்ளாட்டம் காட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மென்ற கிளையையும் கையோடு எடுத்துப்போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். குழந்தை வாயில் போட்டுக்கொண்டாலும் மருத்துவமனைதான். ஆடு மாடுகளுக்கும் இதே ஆபத்து. அதனால் வெட்டிய கொத்து, கிள்ளிய இலை எதையும் தெருவோரக் குப்பையில் திறந்து போடாதீர்கள், மேயும் மாடு வந்து தின்னும். பையில் இறுக்கிக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள், அல்லது ஒரு முழ ஆழக் குழியில் புதையுங்கள்.